வேலையை விடாம பைலட் ஆகுறது எப்படி: மாச சம்பளக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

பைலட் ஆகணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை, ஆனா இன்ஜினியரிங் முடிச்சு ஐடிலயோ பேங்க்லயோ செட்டில் ஆகியாச்சு, ஹோம் லோன் ஓடுது, வீட்ல பேச்சை எடுத்தாலே "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்"னு ஆரம்பிச்சிடறாங்க, அப்படி இருக்கிறவங்களுக்குதான் இதை எழுதறேன். 12வது முடிச்ச கையோட போற பசங்களுக்கு வேற ரூட்டு. இது 25, 28, 32 வயசுல சம்பளம் வாங்கிட்டு இருக்கிற ஆளுங்களுக்கு, அதுவும் இந்தியாவுல டிஜிசிஏ (விமானத் துறையை கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) லைசென்ஸ் எடுக்க நினைக்கிறவங்களுக்கு.

நிறைய பேர் பண்றது என்னன்னா முதல்ல பேப்பர் போட்டுடுவாங்க, அப்புறம் ஃப்ளையிங் ஸ்கூல்ல பணத்தை கட்டுவாங்க, அதுக்கப்புறம்தான் மெடிக்கல், எக்ஸாம் எல்லாம். நான் சொல்றது இதுக்கு அப்படியே உல்ட்டா. ராஜினாமா கடைசி படி. அதுக்கு முன்னாடி இருக்கிற ஒவ்வொரு படியும் ஒரு கேட் மாதிரி, இதுல பாஸ் ஆனாதான் அடுத்த செலவு.

ஏன் வேலையை இவ்வளவு கெட்டியா பிடிச்சுக்க சொல்றேன்னா, ஏர்லைன் பிசினஸ் அப்படி. 2023ல ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம்னு ஆர்டர் போட்ட நியூஸ் வந்தப்ப எல்லாரும் "பைலட்டுக்கு செம டிமாண்ட்"னு குதிச்சாங்க, அதே 2023 மே மாசம்தான் கோ ஃபர்ஸ்ட் பறக்கறதை நிறுத்துச்சு, அதுக்கு முன்னாடி 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ், அதுக்கும் முன்னாடி 2012ல கிங்ஃபிஷர், நடுவுல 2020ல கொரோனா. ஒவ்வொரு தடவையும் அனுபவம் உள்ள பைலட்டுங்க நூத்துக்கணக்குல வெளிய வந்து நிப்பாங்க, அப்ப 200 மணி நேரம் மட்டும் பறந்து லைசென்ஸ் வச்சிருக்கிற ஃப்ரெஷரை யாரு கூப்பிடுவா? ஆர்டர் பண்ண விமானம் எல்லாம் ஒரே வருஷத்துல வந்து இறங்கறதும் கிடையாது, பல வருஷம் ஆகும். அந்த வெயிட்டிங்ல உங்களை காப்பாத்தப் போறது மாச சம்பளம்தான்.

படி 1: மெடிக்கல், வேற எதுக்கும் முன்னாடி

ஒரு ரூபா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கிளாஸ் 2 மெடிக்கல், அதாவது முதல் கட்ட உடம்பு செக்கப், எடுங்க. டிஜிசிஏ அங்கீகாரம் பண்ண டாக்டர்கள் லிஸ்ட் அவங்க சைட்லயே இருக்கு, சென்னைல தாராளமா இருக்காங்க, டிஜிசிஏவோட ஈஜிசிஏ ஆன்லைன் போர்ட்டல்ல ஐடி போட்டு அது வழியாதான் எல்லாம் நடக்கும். கண்ணு, காது, ரத்தம், யூரின், ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பாங்க. ஒரு சனிக்கிழமையில முக்கால்வாசி முடிஞ்சிடும்.

கிளாஸ் 2 கிளியர் ஆனதும் கிளாஸ் 1. கமர்ஷியல் பைலட்டுக்கு இது இல்லாம கதை நகராது. பெங்களூர்ல ஏர் ஃபோர்ஸோட விமான மருத்துவ நிலையம் ஐஏஎம் இருக்கு, அது மாதிரி டிஜிசிஏ ஒத்துக்கிட்ட சென்டர்லதான் எடுக்க முடியும், ஸ்லாட் கிடைக்க நாள் ஆகும், அதனால சீக்கிரமே புக் பண்ணுங்க, அந்த வாரம் ரெண்டு மூணு நாள் லீவ் வச்சிக்கோங்க.

இங்க ரெண்டு விஷயம். கண்ணாடி போட்டிருக்கேன் பைலட் ஆக முடியாதுன்னு இன்னும் நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. கண்ணாடி பிரச்சினையே இல்ல, கண்ணாடி போட்டு பார்வை சரியா வந்தா போதும். லேசிக் பண்ணவங்களுக்கும் சில கண்டிஷனோட வழி இருக்கு. உண்மையான தடை நிறக்குருடு, அந்த கலர் புள்ளி புத்தகத்துல நம்பர் தெரியலைன்னா ரொம்ப கஷ்டம், அதனால அதை மட்டும் தெருமுனை கண் டாக்டர்கிட்டயே முதல்ல செக் பண்ணிக்கலாம். ரெண்டாவது, நம்ம மாதிரி உக்காந்து வேலை பார்க்கிறவங்க அடிபடறது பிபி, சுகர், வெயிட், ஃபேட்டி லிவர்ல. வயித்துக்கு ஸ்கேன் எல்லாம் எடுப்பாங்க. டெம்பரரி அன்ஃபிட்னு போட்டா மாசக்கணக்குல இழுக்கும், அதனால மெடிக்கலுக்கு ஒரு மூணு மாசம் முன்னாடியே நைட் 11 மணி பிரியாணி, ஆஃபீஸ் கேன்டீன் வடை எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு நடக்க ஆரம்பிச்சிடுங்க.

40 வயசுக்கு கீழ கிளாஸ் 1 ஒரு வருஷம்தான் செல்லும், வருஷா வருஷம் ரின்யூவல். இந்த தேதியை காலண்டர்ல போட்டு வைங்க, கடைசி வரைக்கும் இது கூடவே வரும்.

படி 2: பேப்பர் வேலை

12வதுல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்கணும். காமர்ஸ் குரூப் படிச்சவங்க என்ஐஓஎஸ்ல, அதாவது மத்திய அரசோட ஓப்பன் ஸ்கூல்ல, இந்த ரெண்டு சப்ஜெக்ட்டை மட்டும் தனியா எழுதி பாஸ் பண்ணலாம், வேலை பார்த்துட்டே பண்ற அளவுக்குதான் இருக்கும், ஆனா பிசிக்ஸ்ல பிராக்டிக்கல் உண்டுங்கறதை மறந்துடாதீங்க.

டிஜிசிஏ எக்ஸாம் எழுத கம்ப்யூட்டர் நம்பர்னு ஒண்ணு வாங்கணும், அதுக்கு மார்க் ஷீட்டு உண்மையானதுதான்னு போர்டுகிட்ட இருந்து வெரிஃபிகேஷன் வேணும். ஸ்டேட் போர்டு ஆளுங்க அரசுத் தேர்வுகள் இயக்ககம், அதாவது நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகம் பக்கம் ஒரு நடை போக வேண்டியிருக்கும். பேர்ல இனிஷியல் குழப்பம் இருக்கும் பாருங்க, ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல வேற மாதிரி, நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் இருக்கிற தனி தலைவலி அது. இதை முதல்லயே ஒரே மாதிரி ஆக்கிடுங்க, லைசென்ஸ் வர்ற நேரத்துல அப்பா பேரு சர்நேம் கட்டத்துல இல்லைன்னு ஃபைல் திரும்பி வந்தா அழுகைதான் வரும்.

படி 3: எக்ஸாம் எல்லாத்தையும் வேலையில இருக்கும்போதே முடிங்க

முழு பிளான்லயும் வேலையோட சேர்த்து சுலபமா பண்ணக்கூடியது இந்தப் படிதான், ஆனா ஆச்சரியமா இதுக்காகத்தான் நிறைய பேர் வேலையை விட்டுட்டு டெல்லி துவாரகாவுல ரூம் எடுத்து உக்காந்திருக்காங்க. தேவையே இல்ல.

பேப்பர் என்னென்னன்னா ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். எல்லாத்துலயும் 70 மார்க் எடுத்தா பாஸ். இது போக ரேடியோல பேசறதுக்கு ஆர்டிஆர்னு தனியா ஒண்ணு, முன்னாடி டெலிகாம் டிபார்ட்மென்ட் நடத்திட்டு இருந்தது, 2024ல வந்த புது விமானச் சட்டத்துக்கு அப்புறம் டிஜிசிஏ கைக்கு மாறிடுச்சு. ரெகுலர் செஷன் வருஷத்துக்கு நாலு தடவை வரும், அதனால ஆஃபீஸ் ரிலீஸ் தேதியையும் செஷன் தேதியையும் ஒரே ஷீட்ல போட்டு வச்சிக்கோங்க, ப்ரொடக்‌ஷன் டிப்ளாய்மென்ட் வாரத்துல நேவிகேஷன் எழுதறது எல்லாம் வேண்டாத வீரம்.

எந்த ஆர்டர்ல எழுதறது? என்னைக் கேட்டா ரெகுலேஷன்ஸ் முதல்ல. மனப்பாடம்தான், ஆனா சின்ன பேப்பர், ட்ரெயின்ல பஸ்ல படிக்கலாம், ஒண்ணு பாஸ் ஆனா வீட்லயும் கொஞ்சம் நம்பிக்கை வரும். அதோட மீட்டியராலஜியையும் சேர்த்து எழுதலாம். மெட் படிக்கறதுக்கு நம்மகிட்ட ஒரு அட்வான்டேஜ் இருக்கு, வடகிழக்கு பருவமழை, வங்கக்கடல் புயல், கடல்காத்து எல்லாம் நம்ம வாசல்லயே நடக்குது. தினமும் காலைல வானிலை ரிப்போர்ட்ட அதாவது மெட்டார் எடுத்து படிங்க, மீனம்பாக்கத்துக்கு கோடு விஓஎம்எம், கோயம்புத்தூருக்கு விஓசிபி, திருச்சிக்கு விஓடிஆர், மதுரைக்கு விஓஎம்டி. கிண்டில இறங்கறதுக்குள்ள நாலையும் டீகோட் பண்ணிடலாம், அப்புறம் ஜன்னல் வழியா வானத்தைப் பார்த்து ரிப்போர்ட்ல சொன்ன மேகம் இருக்கான்னு செக் பண்ணுங்க. நேரம் எல்லாம் யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரத்துல இருந்து அஞ்சரை மணி நேரம் கழிச்சுக்கணும். அமெரிக்கா கிளையன்ட்டோட மீட்டிங் போட்டு பழகினவங்களுக்கு இது சொல்லவே வேண்டாம்.

நேவிகேஷன்தான் கொஞ்சம் கை நடுங்க வைக்கும். கணக்கு ஒண்ணும் பெரிசு இல்ல, 12வது மேத்ஸ்தான், ஆனா நேரம் பத்தாது. சிஆர்பி-5ன்னு வட்டமா ஒரு கையடக்க கம்ப்யூட்டர் இருக்கு, பேட்டரி எல்லாம் கிடையாது, கையால சுத்தி காத்தோட திசை, வேகம், எரிபொருள்னு கணக்கு போடறது, அதுல கை பழகினாதான் டைம்ல முடிக்க முடியும். வாரத்துல அஞ்சு நாள் காலைல ஒரு மணி நேரம், ஆஃபீஸ் லாகின் பண்றதுக்கு முன்னாடி. நைட்டு படிக்கலாம்னு நினைக்காதீங்க, ஏழு மணி கால் எட்டரை வரைக்கும் போச்சுன்னா அன்னைக்கு படிப்பு அவ்வளவுதான். டெக்னிக்கல் ஜெனரல் மெக்கானிக்கல், ஏரோ படிச்சவங்களுக்கு ஈஸி, மத்தவங்களுக்கும் தலைவலி இல்ல. டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் நீங்க ஓட்டப்போற விமானத்தைப் பத்தினது, அதனால எந்த ஸ்கூல்னு முடிவு பண்ணதுக்கு அப்புறம் எழுதலாம்.

ஆன்லைன் கோச்சிங் வீக்கெண்ட் பேட்ச் நிறைய இருக்கு, அது போதும். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷத்துல எல்லாம் முடியும். இந்த ஒன்றரை வருஷத்துல ஆசை தானா குறைஞ்சிடுச்சுன்னா? நல்லதுதான், கோச்சிங் ஃபீஸோட போச்சு, அரை கோடி தப்பிச்சது.

படி 4: பணம்

இந்தியாவுல 200 மணி நேரம் பறந்து சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுக்க சுமாரா 45ல இருந்து 60 லட்சம் ஆகும், ஸ்கூலைப் பொறுத்து. அதுக்கப்புறம் ஏ320 மாதிரி ஒரு விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த மாடலை ஓட்டறதுக்கான தனி தகுதி எடுக்க இன்னும் 15ல இருந்து 25 லட்சம். ஏர்லைனே நடத்தற கேடட் புரோகிராம்னா எல்லாம் சேர்த்து ஒரு கோடி பக்கம் வரும், அது முழு நேரம், வேலையோட பண்ணவே முடியாது, அதனால இந்த வழிகாட்டிக்குள்ள அது வராது.

40 லட்சம் லோனை 11 பர்சன்ட் வட்டியில 10 வருஷத்துக்கு எடுத்தா மாசம் கிட்டத்தட்ட 55,000 ரூபாய் இஎம்ஐ. படிக்கறப்ப கொஞ்ச நாள் கட்டாம இருக்கலாம்னு பேங்க் சொல்லும், வட்டி பின்னாடி ஏறிட்டுதான் இருக்கும். வேலையில இருக்கும்போதே இதுக்கு ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க, லோன் எடுக்கறதுக்கு முன்னாடியே மாசம் அந்த 55,000த்தை ஒரு ஆர்டி-ல போட்டுட்டு மிச்ச சம்பளத்துல குடும்பம் ஓடுதான்னு ஒரு வருஷம் பாருங்க. ஓடுச்சுன்னா ரெண்டு லாபம், பழக்கமும் ஆச்சு, ஆறரை லட்சம் கைலயும் சேர்ந்தாச்சு. ஓடலைன்னா அதையும் இப்பவே தெரிஞ்சுக்கிட்டது நல்லது.

பெரிய தொகை லோனுக்கு பேங்க் அடமானம் கேட்கும், பெரும்பாலும் அப்பா அம்மா இருக்கிற வீடு. இதைப் பத்தி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கு, அவங்களுக்குன்னு இருக்கிற ஒரே வீட்டை வைக்காதீங்க. ரெண்டு வருஷம் லேட்டானாலும் பரவாயில்ல, சேர்த்து வச்சு பாதியாவது சொந்தப் பணத்துல பண்ணுங்க. எஜுகேஷன் லோன் வட்டிக்கு பழைய டாக்ஸ் ரெஜிம்ல கழிவு உண்டு, ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

படி 5: ஃப்ளையிங் ஸ்கூல் தேடறது

தமிழ்நாட்டுக்குள்ள சாய்ஸ் கம்மி, சேலம் ஏர்போர்ட்ல ட்ரெயினிங் நடக்குது. பக்கத்துல பெங்களூர் ஜக்கூர்ல கர்நாடகா அரசோட ஸ்கூல், திருவனந்தபுரத்துல ராஜீவ் காந்தி அகாடமி. வடக்க போனா கோண்டியா, பாராமதி, தூலே, உ.பி. ஃபர்சத்கஞ்ச்ல மத்திய அரசோட இக்ருவா. 2025ல இருந்து டிஜிசிஏ ஸ்கூல்களுக்கு ரேங்கிங் வெளியிட ஆரம்பிச்சிருக்கு, அதை ஒரு தடவை பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க.

நேர்ல போங்க. ரெண்டு நாள் தங்குங்க. ஆஃபீஸ்ல உக்கார வச்சு பிரவுச்சர் காட்டறவர்கிட்ட பேசினது போதும்னு சொல்லிட்டு வெளிய டீக்கடையில நிக்கிற ஸ்டூடன்ட்டுங்ககிட்ட பேசுங்க. "போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க தம்பி?"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கான பதில்ல எல்லாம் வந்துடும். எத்தனை விமானம் இருக்குன்னு கேக்கறதை விட இன்னைக்கு எத்தனை பறக்குதுன்னு கேளுங்க, பத்து விமானம் ஹேங்கர்ல நிக்கும், நாலு ஸ்பேர் பார்ட்ஸ் வராம கிடக்கும், ரெண்டு இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கும். இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேர், ட்வின் இன்ஜின் விமானம் ஸ்கூலோட சொந்தமா இல்ல வேற ஊருக்கு அனுப்புவாங்களா, ஸ்கில் டெஸ்டுக்கு, அதாவது பறந்து காட்டற டெஸ்டுக்கு எவ்வளவு நாள் வெயிட்டிங், எல்லாம் கேளுங்க.

பணத்தை ஒரே தடவைல மொத்தமா கட்டவே கட்டாதீங்க. "முழுசா கட்டினா அஞ்சு லட்சம் டிஸ்கவுண்ட்"னு ஆசை காட்டுவாங்க. 20 மணி நேரம், 20 மணி நேரமா கட்டற மாதிரி எழுத்துல வாங்குங்க, நடுவுல நிறுத்தினா ரீஃபண்ட் எப்படின்னும் எழுத்துல வாங்குங்க.

படி 6: பறக்கறதுக்கு லீவ் பிளான்

இதுதான் இந்த முழு விஷயத்துலயும் முக்கியமான இடம், மெதுவா படிங்க.

முதல்ல ரூல். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம், அதுல 100 மணி நேரம் நீங்களே கேப்டனா அதாவது பிஐசியா. அந்த 100ல கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறக்கறது 20 மணி நேரம், அதுக்குள்ள 300 நாட்டிகல் மைல் நீளமான ஒரு பயணம், நடுவுல ரெண்டு வேற ஏர்போர்ட்ல முழுசா இறங்கி ஏறணும். இன்ஸ்ட்ருமென்ட், அதாவது வெளிய பார்க்காம மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டறது 10 மணி நேரம், அதுல 5 வரைக்கும் சிமுலேட்டர்ல போகலாம். நைட் 5 மணி நேரம், 10 டேக் ஆஃப், 10 லேண்டிங்கோட. இது எல்லாருக்கும் தெரியும். பார்ட் டைமா பண்றவங்க கவனிக்க வேண்டியது இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரெண்டு கடிகாரம். ஒண்ணு, அந்த 200 மணி நேரமும் லைசென்ஸுக்கு அப்ளை பண்ற தேதிக்கு முந்தின 5 வருஷத்துக்குள்ள பறந்ததா இருக்கணும். ரெண்டாவது, கடைசி 6 மாசத்துக்குள்ள 15 மணி நேரம் பிஐசி இருக்கணும், ஸ்கில் டெஸ்டும் அந்த 6 மாசத்துக்குள்ளதான்.

இப்ப கணக்கு போடுங்க. சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஒவ்வொரு மணி நேரம், வருஷத்துல 40 வாரம் நடந்துச்சுன்னு வச்சாலும் 80 மணி நேரம். 200க்கு ரெண்டரை வருஷம். பேப்பர்ல அழகா 5 வருஷத்துக்குள்ள வந்துடுது. நிஜத்துல வராது, ஏன்னா சனிக்கிழமை காலைல மேகம் கீழ இருக்கும், ஞாயித்துக்கிழமை விமானம் ரிப்பேர், அடுத்த வாரம் இன்ஸ்ட்ரக்டர் ஊருக்கு போயிட்டார். அதை விட பெரிய பிரச்சினை, ஆரம்பத்துல ஒரு வாரம் இடைவெளி விட்டாலே லேண்டிங்ல கை மறந்துடும், முதல் அரை மணி நேரம் போன வாரம் படிச்சதையே திரும்ப பண்ணுவீங்க, அதுக்கும் மணிக்கு பணம் கட்டியாகணும்.

அதனால நான் சொல்ற பிளான் மூணு துண்டு.

முதல் துண்டு சோலோ வரைக்கும், அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா பறக்கற வரைக்கும். இது தொடர்ச்சியா இருக்கணும், வாரக்கடைசில பண்ணாதீங்க. எஸ்பிஎல் (ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ்) எல்லாம் முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டு, இருக்கிற ஏர்ன்டு லீவ், காம்ப் ஆஃப், எல்லாத்தையும் சேர்த்து அஞ்சு ஆறு வாரம் ஒரே மூச்சா போங்க. தினமும் சர்க்யூட், ஸ்டால், லேண்டிங்னு போனாதான் உடம்புக்குள்ள இறங்கும்.

ரெண்டாவது துண்டு மணி நேரம் சேர்க்கறது. சோலோ ஆனதுக்கு அப்புறம் பிஐசி மணி நேரத்துல ஒரு பகுதியை வீக்கெண்ட்ல பண்ணலாம், ஆனா ஸ்கூல் நீங்க இருக்கிற ஊர்லயே இருந்தா மட்டும். பெங்களூர்ல வேலை, ஜக்கூர்ல ஸ்கூல்னா ஒத்துவரும், காலைல 6 மணிக்கு ஏர்ஃபீல்டு, 11 மணிக்கு வீடு. சென்னைல வேலை, கோண்டியாவுல ஸ்கூல்னா ஒத்துவராது. அப்படிப்பட்டவங்க இந்த துண்டையே விட்டுட்டு நேரா மூணாவதுக்கு போறது மேல், மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ளைட் பிடிச்சு போய் ரெண்டு மணி நேரம் பறந்துட்டு வர்றது எல்லாம் பணத்தை காத்துல விடறது.

மூணாவது துண்டு முழு நேரம். மிச்ச மணி நேரம், கிராஸ் கன்ட்ரி, இன்ஸ்ட்ருமென்ட், நைட், மல்டி இன்ஜின், ஸ்கில் டெஸ்ட் எல்லாம். இதுக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் லீவ் வேணும், சபாட்டிக்கலோ சம்பளமில்லா லீவோ. வேற வழியில்ல, வீக்கெண்ட்லயே லைசென்ஸ் எடுத்துடலாம்னு யாராவது சொன்னா அவர் கோர்ஸ் விக்கிறார்னு அர்த்தம்.

லீவ் எப்ப எடுக்கறதுங்கறதுல வானிலைதான் பாஸ். மகாராஷ்டிரா, ம.பி., கர்நாடகா பக்கம்னா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, பாதி நாள் தரையிலதான் உக்காந்திருப்பீங்க, அதனால அக்டோபர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும் வர்ற மாதிரி பாருங்க. உ.பி. பக்கம் டிசம்பர், ஜனவரில பனிமூட்டம், பத்து மணி வரைக்கும் ரன்வேயே தெரியாது. தமிழ்நாட்டுல அப்படியே மாறும், அக்டோபர்ல இருந்து டிசம்பர்தான் மழை, ஜனவரி முதல் மே வரைக்கும் சுகம், ஏப்ரல் மேல மட்டும் மதியம் வெயில்ல விமானம் தூக்கித் தூக்கிப் போடும், காலைல பறக்கற மாதிரி ஸ்லாட் வாங்கிக்கோங்க. அப்ரைசல் முடிஞ்சதும் ஏப்ரல்ல லீவ் கேட்டு ஜூன்ல போய் சேர்ந்தா மழையை வேடிக்கை பார்க்க சம்பளமில்லா லீவ் எடுத்த மாதிரி ஆயிடும்.

படி 7: ஆஃபீஸ்ல எப்படி பேசறது

முதல்ல ஆஃபர் லெட்டர எடுத்து படிங்க. வேற சம்பள வேலை பார்க்கக் கூடாதுன்னு இருக்கும், படிக்கக் கூடாதுன்னு பெரும்பாலும் இருக்காது. ஃப்ளையிங் படிக்கறது சம்பள வேலை கிடையாது. சபாட்டிக்கல் பாலிசி இருக்கா, எத்தனை வருஷ சர்வீஸ் கேக்கறாங்க, அந்த நேரத்துல மெடிக்கல் இன்சூரன்ஸ் ஓடுமா, பிஎஃப் என்ன ஆகும், இதெல்லாம் ஹெச்ஆர் போர்ட்டல்லயே இருக்கும், யார்கிட்டயும் கேக்காமலே பார்த்துடலாம்.

மேனேஜர்கிட்ட எப்ப சொல்றது? எக்ஸாம் டைம்ல சொல்லவே தேவையில்ல. சோலோ துண்டுக்கும் சாதாரண லீவ்தான். நீண்ட லீவ் கேக்கும்போது நேரா சொல்லிடறது மேல், ஹெல்த் ப்ராப்ளம், அக்கா கல்யாணம்னு பொய் சொல்லி அப்புறம் யூனிஃபார்ம்ல போட்டோ போட்டு மாட்டிக்கறது தேவையா. "சார், ஒரு வருஷம் கோர்ஸ் பண்ணப் போறேன், மார்ச் ரிலீஸ் முடிச்சு ஹேண்டோவர் குடுத்துட்டு போறேன், திரும்பி வந்து சேர விருப்பம் இருக்கு"ன்னு மூணு மாசம் முன்னாடியே சொன்னா பாதி மேனேஜர் ஒத்துப்பாங்க. மீதி பாதி ஒத்துக்க மாட்டாங்க, அப்ப லீவ் குடுக்கிற வேற கம்பெனிக்கு இப்பவே மாறிக்கலாமான்னு யோசிங்க, அதுக்குத்தான் எக்ஸாம் காலம் ஒன்றரை வருஷம் கைல இருக்கு.

ட்ரெயினிங் ஊர்ல இருந்துட்டே நைட் ஷிப்ட்ல ரிமோட்டா வேலை பார்க்கலாமேன்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும். வேண்டாம். காலைல அஞ்சரைக்கு பிரீஃபிங், விடியக்காலை மூணு வரைக்கும் சப்போர்ட் கால், இது தூக்கம் இல்லாம கார் ஓட்டறதை விட மோசம். பறக்கறதுக்கு முன்னாடி உடம்பு, மருந்து, டென்ஷன், மது, அசதி, சாப்பாடுன்னு ஒண்ணொண்ணா தன்னையே கேட்டுக்கற ஐயாம் சேஃப்னு ஒரு லிஸ்ட் சொல்லித் தருவாங்க, அசதிக்கு அதுல தனி எழுத்தே இருக்கு. அப்புறம், பறக்கறதுக்கு முந்தின 12 மணி நேரம் மது கூடாதுங்கறது இந்திய ரூல், ஸ்டூடன்ட் பைலட்டுக்கும் சேர்த்துதான். வெள்ளிக்கிழமை டீம் பார்ட்டிக்கு போய் ஃப்ரெஷ் லைம் ஆர்டர் பண்ற ஆளா மாறிடுங்க.

வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு

அமெரிக்காவுல ஹெச்1பில இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இந்த விஷயத்துல உண்மையாவே அதிர்ஷ்டம். அங்க ஊருக்கு ஊர் சின்ன ஏர்போர்ட், வாடகை விமானம், வானிலை நல்ல ஏரியா, அதனால வேலை பார்த்துட்டே வீக்கெண்ட்ல பறந்து லைசென்ஸ் எடுக்கறது அங்க சாதாரணம். அங்க இருக்கிற போக்குவரத்து பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏகிட்ட கிளியரன்ஸ் வாங்கணும், பிரைவேட் லைசென்ஸுக்கு குறைஞ்சது 40 மணி நேரம், கமர்ஷியலுக்கு 250. ஆனா ஹெச்1பில பறந்து சம்பாதிக்க முடியாது, இன்ஸ்ட்ரக்டரா கூட. அங்க ஏர்லைன்ல சேர 1500 மணி நேரம் வேற வேணும், 2009ல பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் விழுந்ததுக்கு அப்புறம் வந்த ரூல் அது. அதனால கிரீன் கார்டு இல்லாதவங்க அந்த மணி நேரத்தை இந்திய லைசென்ஸா கன்வெர்ட் பண்ற பிளானோடதான் பறக்கணும், அந்த 5 வருஷ கடிகாரம் இங்கயும் ஓடும், லாக்புக்கை முதல் நாள்ல இருந்தே ஒழுங்கா வச்சிருங்க. இங்க இருந்து ட்ரெயினிங்குக்குன்னு எம்1 விசால போறவங்களுக்கு படிக்கறப்ப அங்க வேலை பார்க்க அனுமதி கிடையாது.

இவ்வளவு செலவு முடியாது, ஆனா பறக்கற தொழில்ல ஏதோ ஒண்ணு வேணும்கறவங்க ட்ரோன் பைலட் சர்டிஃபிகேட் பாருங்க. 10வது பாஸ், 18 வயசு போதும், ஒரு வார ட்ரெயினிங். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல அண்ணா யுனிவர்சிட்டியே நடத்துது. வயல்ல மருந்து அடிக்கறது, சர்வே எடுக்கறதுன்னு வீக்கெண்ட் வேலை கிடைக்கும், ஆனா இதுக்கு மட்டும் ஆஃபர் லெட்டர்ல வேற சம்பள வேலை கூடாதுங்கற அந்த கண்டிஷனை மறுபடி படிச்சுக்கோங்க.

படி 8: லைசென்ஸ் வந்ததுக்கு அப்புறம்

லைசென்ஸ் கைல வந்த அடுத்த திங்கக்கிழமை திரும்ப ஆஃபீஸ் போங்க. சீரியஸாதான் சொல்றேன். சிபிஎல் இருக்குங்கறதுக்காக வேலை காத்திட்டு இருக்காது, ஏர்லைன் ஆள் எடுக்கிற வரைக்கும் ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். அந்த நேரத்துல இஎம்ஐ, மெடிக்கல் ரின்யூவல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை உயிரோட வச்சிக்கற செலவு, அப்பப்ப கை மறக்காம பறக்கற செலவு, எல்லாம் சம்பளத்துல இருந்து போகும். பக்கத்து சீட்ல லைசென்ஸ் இருந்தும் சம்பளம் இல்லாம உக்காந்திருக்கிற பையனுக்கும் உங்களுக்கும் இருக்கிற வித்தியாசம் அப்பதான் தெரியும்.

டைப் ரேட்டிங்கை சொந்தக் காசுல முன்னாடியே எடுக்கலாமான்னா, என் அபிப்ராயம் வேண்டாம். ஏ320 எடுத்துட்டு உக்காந்திருப்பீங்க, கூப்பிடற கம்பெனி 737 ஓட்டும், இல்ல ஏடிஆர் ஓட்டும். ஏர்லைன் செலக்ட் பண்ணதுக்கு அப்புறம் அவங்க சொல்ற ரேட்டிங்கை எடுக்கறதுதான் சேஃப். செலக்‌ஷன்ல எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக், சிமுலேட்டர் செக், இன்டர்வியூ எல்லாம் இருக்கும், "இத்தனை வருஷம் ஐடில இருந்துட்டு ஏன் இப்ப?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க, அதுக்கு சினிமா டயலாக் வேண்டாம், வேலையில இருந்துட்டே எப்படி பிளான் பண்ணி முடிச்சீங்கன்னு சொல்லுங்க, அதுவே நல்ல பதில். ஃப்ரெஷருக்கு வயசு வரம்பு ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், 30ஐத் தாண்டினவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்துக்கணும்.

கடைசியா பேப்பர் போடறது. ஐடில 90 நாள் நோட்டீஸ், ஏர்லைன்ல "அடுத்த மாசம் 1ஆம் தேதி பேட்ச்"னு மெயில் வரும். இந்த இடைவெளியை எப்படி சமாளிக்கறதுன்னு முன்னாடியே பார்த்து வைங்க: நோட்டீஸ் பை அவுட் எவ்வளவு, ஏர்ன்டு லீவை நோட்டீஸ்ல கழிக்க விடுவாங்களா, சபாட்டிக்கல் போனதுக்கு இத்தனை மாசம் திரும்ப வேலை பார்க்கணும்னு பாண்ட் எதுவும் கையெழுத்து போட்டிருக்கீங்களா. எழுத்துல ஜாய்னிங் லெட்டர் வராம, ஃபோன்ல யாரோ சொன்னாங்கன்னு ராஜினாமா மெயில் அனுப்பாதீங்க. அந்த வாரமே கிளாஸ் 1 எக்ஸ்பைரி தேதியையும் ஒரு தடவை பாருங்க, ட்ரெயினிங் பேட்ச் நடுவுல அது முடியற மாதிரி இருந்தா ஆஃபீஸ் லீவ் மிச்சம் இருக்கும்போதே ரின்யூவல் முடிச்சிட்டு போங்க.